அணைக்கட்டு பக்கம் 3 ஏக்கர், முள் கத்திரிக்காய், அம்மாவின் சமையல்: லோன் போட்டு காட்டேஜ் கட்டலாமா?

கழனிமேடு கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், ஒரு மாதமாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம்.

எனக்கு ஊர் அணைக்கட்டு பக்கம், இலவம்பாடிக்குப் பக்கத்து ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன், சாயந்தரம் வீட்டுக்குப் போய்விடுவேன். அப்பாவுக்குக் கிணற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர் கழனி, மேட்டில் ஒன்றே கால் ஏக்கர் கொல்லை, கொல்லையைச் சுற்றி 40 மாமரம். கழனியில் ஒரு போகம் நெல், மற்ற நேரம் முள் கத்திரி. கொல்லையில் மழை பெய்தால் கேழ்வரகும் மல்லாட்டையும் (வேர்க்கடலை). எங்கள் பக்கத்து முள் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்க் காய் என்கிற பேருக்கு அரசுப் பதிவு, கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் செய்தி வந்த பேப்பரை அப்பா மடித்து பீரோவில் பட்டா புத்தகத்தோடு வைத்திருக்கிறார். ஆனால் மண்டிக்குக் கொண்டுபோனால் முள் கத்திரிக்கும் ஒட்டு ரகத்துக்கும் ஒரே தராசு, ஒரே விலை. வரத்து அதிகமான நாளில் கிலோ 9 ரூபாய்க்குப் போட்டுவிட்டு, அதில் கமிஷனும் வண்டி வாடகையும் போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று ஒடுகத்தூர் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் மோட்டார் கொட்டாய்க்கு எதிரே டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. மதியம் ஒரு மணி. வண்டியில் வயசான பாட்டி, எட்டு வயசுப் பெண் குழந்தை. அம்மா விடுவாரா, கூப்பிட்டு வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும், மொச்சையும் முள் கத்திரிக்காயும் போட்ட புளிக்குழம்பும்தான். அந்தப் பாட்டி களியை விரலால் கிள்ளி, குழம்பில் தொட்டு, மெல்லாமல் அப்படியே முழுங்கினார். மகன் ஆச்சரியமாகப் பார்த்ததும், "எங்க அம்மா வீட்டுல இப்படித்தான்டா" என்று சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை கேட்டார். குழந்தை எங்கள் அப்பாவோடு வரப்பில் போய்க் காய் பறித்து, காம்புத் தொப்பியில் இருக்கிற முள் விரலில் குத்தி, அழாமல் விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தது. கிளம்பும்போது 6 கிலோ காய் கேட்டு வாங்கினார்கள். அம்மா காசு வேண்டாம் என்றார். அவர்கள் போன பிறகு பார்த்தால் சொம்புக்கு அடியில் 500 ரூபாய்.

இதை நண்பனிடம் சொன்னதும் அவன் உடனே, மாந்தோப்பில் 4 காட்டேஜ் போடு, 24 லட்சம் லோன் வாங்கலாம், "கிராமத்து வாழ்க்கை" என்று விளம்பரம் செய்யலாம் என்கிறான். எனக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. வேலூருக்குக் கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், ஸ்ரீபுரம், சி.எம்.சி. ஆஸ்பத்திரி, கல்லூரி என்று தினமும் எவ்வளவு ஜனம் வருகிறது. அவர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டில் எங்கள் கழனியில் விளைந்தது ஒரு கைப்பிடியாவது இருக்க வேண்டாமா? இதை எப்படி இணைப்பது? அனுபவம் இருக்கிறவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.


பர்ச்சேஸ்காரர் பதில்:

தம்பி, நான் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் ஹோட்டல்களில் 11 வருஷம் பர்ச்சேஸ் பார்த்தவன். காட்டேஜைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஹோட்டல் ஏன் உங்கள் அப்பாவிடம் நேராக வாங்குவதில்லை என்பதை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் விவசாயிக்கு விளக்கிச் சொல்வதே இல்லை, அவர்கள் பாவம் ஹோட்டல்காரனுக்கு மனசு இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஹோட்டல் கிச்சனுக்குக் காலை 6 மணிக்குள் 35, 40 வகைச் சாமான் வந்து இறங்க வேண்டும். மண்டிக்காரர் ஒரே வண்டியில், ஒரே பில்லில் எல்லாவற்றையும் போட்டுவிடுவார், பணம் மாசக் கடைசியில் கொடுத்தால் போதும். விவசாயி என்ன செய்வார்? திங்கட்கிழமை 60 கிலோ கத்திரிக்காய் கொண்டுவருவார், ஹோட்டலுக்கு 15 கிலோ போதும். புதன்கிழமை கேட்டால் காய் இல்லை என்பார். கையில் காசு உடனே வேண்டும், அதுவும் நியாயம்தான், ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டுமே. இந்த இரண்டு பக்கமும் ஒட்டவே ஒட்டாது, நடுவில் யாராவது உட்கார்ந்து ஒட்டவைத்தால்தான் உண்டு.

ஒருமுறை நான் ஒட்டவைத்துப் பார்த்தேன். அப்போது வேலை பார்த்த இடத்தில் மதியச் சாப்பாட்டோடு எண்ணெய்க் கத்திரிக்காய் போடுவோம். செஃப் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கு வந்த காய் எண்ணெயில் வதங்குவதற்குள் வெண்ணெய் மாதிரி குழைந்து வருகிறது, விதை பல்லில் மாட்டவில்லை, எங்கே வாங்கினாய் என்றார். உங்கள் பக்கத்துக் காய்தான். அப்புறம் மூன்று விவசாயிகளைப் பிடித்தேன். மூன்று பேரும் ஒரே வாரத்தில் நாற்று நடக் கூடாது, 20 நாள் தள்ளித் தள்ளி நட வேண்டும், ஒருத்தருடைய காய் ஓயும்போது அடுத்தவர் காய் வர வேண்டும் என்பது முதல் பேச்சு. விலையை சீசனுக்கு ஒன்றாக முடிவு செய்துகொண்டோம்: மண்டியில் 9 ஆனாலும் 50 ஆனாலும் எங்களுக்கு 26. பணம் வாரம் ஒருமுறை. இரண்டு சீசன் நன்றாகவே ஓடியது. மண்டியில் விலை ஏறிய ஒரு வாரம் ஒருத்தர் காயை அங்கே கொண்டுபோய்விட்டார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன், மகள் கல்யாணம். ஆனால் ஹோட்டலில் நிர்வாகம் மாறியது, புது ஆள் "ஏன் மூன்று பில்" என்று கேட்டார், அதோடு நின்றுபோனது. எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான்.

ஒரு ஆளை நம்பி இதைச் செய்யக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. கேரளாவில் குமரகத்தில் 2008-ல் பொறுப்புச் சுற்றுலா என்று தொடங்கினார்களே, அங்கே குடும்பஸ்ரீ என்கிற சுயஉதவி அமைப்பின் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து காய்கறி போட்டார்கள், ஹோட்டல்கள் வாங்குவதாக ஒப்புக்கொண்டன, விலையை ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்தது. நடுவில் பஞ்சாயத்து இருந்தது. ஹோட்டல் மேனேஜர் மாறினாலும் பேச்சு மாறாது. உங்கள் ஊரில் பத்துப் பெண்கள் சேர்ந்த ஒரு சுயஉதவிக் குழு இல்லாமலா இருக்கும்? அங்கிருந்து தொடங்குங்கள். எல்லாக் காயையும் விற்கப் போகாதீர்கள். கத்திரிக்காய் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேர் இருக்கிற காய் அதுதான்.


வெயிலூரான் பதில்:

ஆசையைக் கெடுப்பதாக நினைக்க வேண்டாம். ஸ்ரீபுரத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி டூர் பஸ். திருப்பதி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை என்று ஒரே ஓட்டத்தில் வருகிறவர்கள், டிரைவர் இரண்டு மணி நேரம்தான் கொடுப்பார், சாப்பாடு அவர் நிறுத்துகிற இடத்தில்தான். அந்தக் கூட்டத்தைக் கணக்கில் வைத்து 24 லட்சம் கடன் வாங்காதீர்கள். சித்திரை, வைகாசியில் நம்ம ஊர் வெயில் 40-ஐத் தாண்டுகிறது, அப்போது மாந்தோப்புக் காட்டேஜில் ஏ.சி. இல்லாமல் யாரும் தங்க மாட்டார்கள், ஏ.சி. போட்டால் கரண்ட் பில் யார் கட்டுவது?


ஏலகிரி அக்கா பதில்:

மேலே வெயிலூரான் சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். நாங்கள் ஏலகிரியில் அத்தனாவூர் பக்கம் மூன்று ரூம் வைத்திருக்கிறோம், மாமனார் காலத்து நிலத்தில் கட்டினது. சனி, ஞாயிறு பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜனம் வரும், லீவு சேர்ந்து வந்தால் 14 கொண்டை ஊசி வளைவிலும் கார் வரிசை நிற்கும். திங்கள் காலையில் மலை காலி. வாரத்தில் இரண்டு நாள் வருமானத்தில் ஏழு நாள் வட்டி கட்ட வேண்டும், இதை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள் தம்பி, எழுதினாலே பாதி பதில் வந்துவிடும்.

ஆரம்பத்தில் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று ஃப்ரைட் ரைஸ், கோபி மஞ்சூரியன், பட்டர் நான் எல்லாம் போட்டோம். சாமான் அத்தனையும் கீழே திருப்பத்தூரிலிருந்தும் ஜோலார்பேட்டையிலிருந்தும் ஏற்ற வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பலா மரம் காய்த்துத் தொங்குகிறது, அதை ஒரு வியாபாரி மரத்தோடு விலை பேசிக்கொண்டு போவான். ஒரு முறை மழையில் வண்டி வரவில்லை. இருக்கிற பலாக்காயை வெட்டி, கசகசா அரைத்துக் குழம்பு வைத்தேன், சோறு, ரசம், தோட்டத்துக் கீரைக் கடைசல், அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா பாத்திரம் கழுவுகிற இடத்துக்கே வந்து, இது என்ன கறி என்று கேட்டார். காய் என்று சொன்னால் நம்பவில்லை, மீதி இருந்த பலாக்காயைத் தூக்கிவந்து காட்டினேன். அதிலிருந்து எங்கள் மெனு மாறிவிட்டது. இப்போது ரூமை விடச் சாப்பாட்டில்தான் கையில் காசு நிற்கிறது, ஏனென்றால் சாமான் செலவு பாதி வீட்டுத் தோட்டம், பாதி பக்கத்து வீட்டு ஆயா தோட்டம்.

அதனால் ரூமைக் கட்டாதீர்கள், சாப்பாட்டை முதலில் போடுங்கள். வேப்பமரம் இருக்கிறது, பாய் இருக்கிறது, நல்ல தண்ணீரும் சுத்தமான ஒரு கழிப்பறையும் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். அந்தக் கழிப்பறை முக்கியம், பெண்கள் அதைப் பார்த்துத்தான் அடுத்த முறை வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள், சின்ன அளவில் செய்கிறவர்களுக்கு நான் பதிந்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய்தான். கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை சோதித்துக் காகிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பதிவு முழுக்க அம்மா சமைத்தார், அம்மா உபசரித்தார் என்று இருக்கிறது. அம்மாவைக் கேட்டீர்களா? பஞ்சரான வண்டிக்காரர்களுக்கு ஒரு நாள் களி கிண்டுவது வேறு, வாரா வாரம் இருபது பேருக்குக் கிண்டுவது வேறு. களி கிண்டினால் தோள்பட்டை எப்படி வலிக்கும் என்று கிண்டினவர்களுக்குத்தான் தெரியும். துணைக்கு இரண்டு பெண்களைக் கூலி கொடுத்து வைக்காமல் இதைத் தொடங்காதீர்கள், அம்மாவுக்கும் கூலி எழுதுங்கள், வீட்டுக் கணக்கில் கரைத்துவிடாதீர்கள்.


சாமைக்காடு பதில்:

ஏலகிரி அக்கா சொன்ன கடைசிப் பத்திக்காகவே நன்றி.

நான் ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் பக்கம். எங்கள் மக்கள் மலையாளி என்கிற பழங்குடி இனத்தவர், தலைமுறை தலைமுறையாகச் சாமை போடுகிறவர்கள். கோடை விழா நடக்கிற நாட்களில் மலை மேல் கூட்டம் நிறைந்துவிடும். பீமன் அருவிக்கும் படகுத் துறைக்கும் வருகிறவர்களைப் பார்த்தால், கீழேயிருந்து பிரியாணிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அட்டையையும் கவரையும் அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவர்களைத் திட்டி என்ன செய்வது, மலையில் சாப்பிட என்ன கிடைக்கிறது என்று நாங்கள் சொல்லவே இல்லையே. வழியில் இருந்த கடைகளிலும் பரோட்டாதான், பாக்கெட் மிட்டாய்தான். சாமை விளைகிற மலையில் சாமைச் சோறு ஒரு கடையில் கூடக் கிடைக்காத காலத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் உமி. சாமை கடுகை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதன் மேல் கெட்டியான உமி. என் பாட்டி உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, திரும்பக் குத்தி, திரும்பப் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி சேர்க்க ஒரு காலைப் பொழுது போய்விடும். ரேஷன் அரிசி வந்த பிறகு யார் அந்தப் பாடு படுவார்கள்? சாமையை உமியோடு வியாபாரிக்கு மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, ரேஷன் அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டோம். லாபம் உமி நீக்குகிற இடத்தில் இருந்தது, அந்த இடம் மலைக்குக் கீழே, எங்கேயோ இருந்தது. உமி நீக்குகிற இயந்திரம் மலைக்கு வந்து, மலை விவசாயிகளே உறுப்பினராக இருந்து உற்பத்தியாளர் நிறுவனம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் சாமை அரிசியாகவும் பலகாரமாகவும் எங்கள் கையாலேயே போக ஆரம்பித்தது. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது எங்கள் பக்கம் பேச்சுக்கு உதவியது. ஆனால் இயந்திரம் வராமல் இருந்திருந்தால் பேச்சு பேச்சாகவே போயிருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊரிலும் அப்படி ஒரு இடம் இருக்கும், காசு எங்கே கை மாறுகிறது என்று பாருங்கள். கத்திரிக்காய்க்கு உமி இல்லை. அதற்குப் பதில் பேர் இருக்கிறது. பேர் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் காசு.

விருந்தாளிகளைப் பற்றியும் ஒன்று. எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்த ஒரு குழு, என் அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போது கேட்காமலே அடுப்படிக்குள் வந்து போட்டோ எடுத்தது. அம்மா அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரையும் வீட்டுக்குள் விடவில்லை. இப்போது வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சாப்பிட வாருங்கள், காட்டை, தேன் கூட்டை, சாமைக் கொல்லையைப் பார்க்கலாம், எங்களைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கேளுங்கள். சொன்னால் கேட்கிறார்கள். கொம்புத்தேன் கிடைக்கிற மாதம், பலா கிடைக்கிற மாதம், சீத்தாப்பழம் கிடைக்கிற மாதம் என்று சொல்லிவைத்தால் அந்த மாதத்துக்குக் காத்திருந்து வருகிறார்கள், எந்த மாதமும் எல்லாம் கிடைக்கும் என்று நாங்கள் சொல்வதில்லை.


விதைப்பானை பதில்:

நான் வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

குழந்தை கழனியில் காய் பறித்தது என்று படித்ததும் எனக்குப் பகீர் என்றது. கத்திரியில் தண்டுத் துளைப்பான், காய்த்துளைப்பான் என்று சொல்லி வாரத்துக்கு ஒரு முறை மருந்து அடிப்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். விருந்தாளி பறிக்கிற பாத்தியில் மருந்து வாசமே இருக்கக் கூடாது. பத்து சென்ட் தனியாக ஒதுக்குங்கள். வாடித் தொங்குகிற குருத்தை அன்றன்றைக்கே கிள்ளி எரித்துவிடுங்கள், புழு அதற்குள்தான் இருக்கும். ஆண் அந்துப்பூச்சியை வாசத்தால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். காய் கொஞ்சம் சொத்தை விழும், விழட்டும். மற்றக் கழனியில் ஏதாவது அடித்திருந்தால் டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் முடியாமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

அடுத்தது விதை. பக்கத்துக் கழனியில் ஒட்டு ரகம் நின்றால் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும், மூன்று நான்கு வருஷத்தில் முள்ளும் குறையும், ருசியும் போகும். நல்ல செடியாக நான்கைந்து பார்த்து அடையாளம் கட்டி, காய் செடியிலேயே பழுத்து மஞ்சளாகும் வரை விட்டு விதை எடுங்கள். அப்பாவுக்கு இது தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி. அப்புறம் புவிசார் குறியீட்டுப் பேரைப் போட்டு விற்க வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். சென்னை கிண்டியில் இருக்கிற புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் விண்ணப்பம். பேப்பரை பீரோவில் வைத்தால் போதாது, அப்பா பேர் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். சாமைக்காடு தம்பி சொன்ன அந்த "பேர்" இதுதான்.

காட்டேஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இத்தாலியில் 1985-லேயே பண்ணைச் சுற்றுலாவுக்குச் சட்டம் போட்டார்கள், அதில் முக்கியமான நிபந்தனை, விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தாளி அதற்கு அடுத்துதான். மாமரத்தை வெட்டி ரூம் கட்டினால் வருகிறவர்கள் எதைப் பார்க்க வருவார்கள்?


தோட்டப்பாளையம் பதில்:

எல்லோரும் கோயில் கூட்டத்தையும் மலைக் கூட்டத்தையும் பற்றியே பேசுகிறீர்கள். வேலூருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் வாரக்கணக்கில், மாசக்கணக்கில் தங்குகிறவர்கள் யார்? சி.எம்.சி.க்கு வருகிறவர்கள். மேற்கு வங்கம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட், பங்களாதேஷ். எங்கள் தெருவில் கடை போர்டே வங்காள எழுத்தில் இருக்கிறது. நான் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன், 9 ரூம், ஒவ்வொன்றிலும் கேஸ் அடுப்பு, இரண்டு பாத்திரம். ஹோட்டல் சாப்பாடு நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது, செலவும் தாங்காது, அதனால் அவர்களே பொங்கிச் சாப்பிடுகிறார்கள். காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றுவிட்டு வருகிறவர், வழியில் அரைக் கிலோ காய் வாங்கிக்கொண்டுதான் படியேறுவார்.

அவர்கள் தேடித் தேடி வாங்குகிற காய் எது தெரியுமா? கத்திரிக்காய். "பேகுன்" என்பார்கள். வட்டமாக நறுக்கி மஞ்சளும் உப்பும் தடவி, எண்ணெயில் போட்டு எடுப்பார்கள், பருப்பும் சோறும் அதோடு. ஒருமுறை அணைக்கட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த முள் கத்திரிக்காயை மூன்றாம் நம்பர் ரூம் அம்மாவுக்குக் கொடுத்தேன். கணவருக்கு ஆபரேஷன் முடிந்து 12 நாள், அவர் சரியாகச் சாப்பிடாமல் இருந்த நேரம். மறுநாள் அந்த அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, கையால் தட்டு மாதிரி காட்டி, காலி என்று சைகை செய்தார். எனக்கு வங்காளி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. இரண்டு பேருக்கும் புரிந்தது.

அதனால் தம்பி, உங்கள் சுற்றுலாப் பயணி இங்கேயே இருக்கிறார். அவருக்குக் காட்டேஜ் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கிடையாது, நோயாளிக்குத் துணையாக, அட்டெண்டராக வந்தவர்களுக்கு அன்றைக்கு முழுக்க ரூம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் வேலை. கோட்டைக்கு ஒரு முறை போவார்கள், ஸ்ரீபுரம் ஒரு முறை போவார்கள், அப்புறம்? மூன்றாவது ஞாயிறு, நான்காவது ஞாயிறு என்ன செய்வார்கள்? எங்கள் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு வேன் நிரம்பும். காலையில் கிளம்பி உங்கள் கழனியில் இறங்கி, மரத்தடியில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, வாரத்துக்கு வேண்டிய காயைக் கையால் பறித்துக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம். இவர்களிடம் அதிகக் காசு வாங்க முடியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வைத்தியத்துக்கு நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்களும் இதில் உண்டு. ஆனால் வருஷம் முழுக்க வருவார்கள், வெயில் காலத்திலும் வருவார்கள், ஊருக்குப் போய் அடுத்து வருகிறவரிடம் சொல்லி அனுப்புவார்கள்.


கழனிமேடு பதில்:

எல்லோருடைய பதிலையும் நேற்று ராத்திரி அப்பா அம்மாவுக்கு உட்கார்ந்து படித்துக் காட்டினேன். தோட்டப்பாளையம் அண்ணன் எழுதினது வந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் தாத்தாவைச் சி.எம்.சி.யில் வைத்துக்கொண்டு 40 நாள் அம்மா வராண்டாவில் படுத்திருந்தவர், வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் போகிற சோற்றுக்காகக் காத்திருந்தவர். எனக்கு அப்போது ஆறு வயசு, இதை யோசிக்கவே இல்லை.

லோன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஏலகிரி அக்கா, அம்மாவைக் கேட்டேன். செய்கிறேன் என்றார், ஆனால் மாசத்தில் இரண்டு ஞாயிறு மட்டும், 15 பேருக்கு மேல் முடியாது, எதிர்வீட்டுச் சித்தியும் அவர் மருமகளும் கூட இருக்க வேண்டும், மூன்று பேருக்கும் ஒரே கூலி. களி கிண்டுவது என் வேலையாம். அப்பா கேட்டது ஒன்றுதான், பறிக்க வருகிறவர்கள் செடியின் கொம்பை ஒடிக்காமல் காம்போடு கிள்ள வேண்டும், அதை அவரே நின்று காட்டிக் கொடுப்பாராம். விதைப்பானை ஐயா சொன்ன பத்து சென்ட், கிணற்றுக்கு வடக்கே இருக்கிற பாத்தி. இந்த வாரமே நாற்று விடுகிறோம், முதல் காய்க்கு இன்னும் மூன்று மாதமாவது ஆகும், அதற்குள் கழிப்பறையைக் கட்டிவிடலாம். பதிவு விண்ணப்பத்துக்கு அப்பாவின் பட்டா நகலை எடுத்து வைத்துவிட்டேன், பக்கத்துக் கழனிக்காரர்கள் நான்கு பேரும் சேர்ந்து கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

பர்ச்சேஸ் அண்ணா, 20 நாள் தள்ளித் தள்ளி நடுகிற கணக்கை அந்த நான்கு பேரிடமும் சொன்னேன். இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள், மற்றவர்கள் யோசிக்கிறார்கள். நீங்கள் ஒரு நாள் ஊருக்கு வந்து நேரில் பேசினால் நன்றாக இருக்கும், வண்டி நான் எடுத்து வருகிறேன்.

தோட்டப்பாளையம் அண்ணா, உங்களிடம் ஒரு சந்தேகம். அம்மா கேட்கச் சொன்னார். அவர்கள் கடுகெண்ணெயில்தான் சமைப்பார்கள் என்கிறார்களே, எங்கள் மல்லாட்டை எண்ணெயில் செய்தால் சாப்பிடுவார்களா? குழம்பில் புளி எவ்வளவு குறைக்க வேண்டும்? ஆபரேஷன் முடிந்தவர்கள் யாராவது வந்தால் காரமில்லாமல் தனியாக என்ன வைப்பது? இதை மட்டும் ரூமில் இருக்கிற அம்மாக்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.